கணிப்பொறியும் கையொப்பமும்

சென்ற திங்கள் நம் சங்கத்தில் நடைபெற்ற இலக்கியக் கூட்டத்தின் முடிவில், கணினிப் பொறியியல் பயிலும் மாணவி ஒருத்தி எழுந்து ஒரு வினா எழுப்பினாள். அன்றைய சொற்பொழிவு செங்கோன்மை பற்றியது. மனுநீதிச் சோழனும் பொற்கைப் பாண்டியனும் வழக்கம்போல் வந்து சென்றனர். சொற்பொழிவு முடிந்ததும் அவள் கேட்டாள்: "மனிதர் தீர்ப்புச் சொன்னால் உறவு பார்க்கிறார், ஊர் பார்க்கிறார், சாதி பார்க்கிறார், கைப்பொருளும் பார்க்கிறார். கணிப்பொறி இவற்றுள் எதையும் பார்ப்பதில்லை. அப்படியிருக்க, தீர்ப்புச் சொல்லும் வேலையை அதனிடமே விட்டுவிட்டால் என்ன?" பெரியவர் சிலர் நகைத்தனர். நேரமாயிற்று என்று தலைவர் நன்றியுரைக்கு அழைத்தார். சுண்டல் வழங்கப்பட்டது. வினா விடையின்றி நின்றுவிட்டது.

நகைத்து ஒதுக்கத்தக்க வினா அன்று அது. ஆயினும் நாமும் அன்று வாளா இருந்தோம். அதற்கொரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

'கம்ப்யூட்டர்' என்னும் சொல் முதலில் கணக்குப் போடும் ஆளைக் குறித்தது. பொறிக்கு அப்பெயர் பின்னரே சென்றது. மத்திய அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகங்களில் அது ஒரு பதவியின் பெயராகவே நெடுங்காலம் வழங்கியது என்பதை, அத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம்மவர் அறிவர். அப்பதவியில் இருந்தவர் காலையில் வருவார். மாலை வரை கூட்டுவார், பெருக்குவார் (விளக்குமாற்றால் அன்று). கணக்கு பிழைத்தால் மேலதிகாரியிடம் வசையும் வாங்குவார். 1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்னும் பொறி உலகுக்குக் காட்டப்பட்டது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்களும் 30 டன் எடையும் கொண்ட அப்பொறி, பீரங்கிக் குண்டு எங்கே சென்று விழும் என்னும் அட்டவணைகளைக் கணிப்பதற்காகக் கட்டப்பட்டது. அதற்கு முன் அவ்வட்டவணைகளைக் கணித்துவந்த பெண்களுக்கும் 'கம்ப்யூட்டர்' என்றே பெயர். அவர்களுள் அறுவரைத் தேர்ந்தே அப்பொறிக்கு நிரல் அமைக்கும் பணியைத் தந்தனர்.

நம் நாட்டுக்கு முதல் எண்முறைக் கணிப்பொறி வந்து இறங்கியது, நாம் குடிபுகுந்து வாழும் இந்தக் கொல்கத்தாவில்தான். பேராசிரியர் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம், 1955ஆம் ஆண்டு பிரிட்டனிலிருந்து ஹெச்.இ.சி.-2எம் என்னும் பொறியை வரவழைத்தது. அதன் நினைவில் நிற்கக்கூடியவை 1,024 எண்களே. இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியின் நினைவு அதனைப் போல் பல இலட்சம் மடங்கு. அடுத்த பத்தாண்டில் இதே நகரில் ஆயுள் காப்பீட்டு ஊழியர்கள், தம் வேலையைக் கணிப்பொறி பறித்துவிடும் என அஞ்சி, அது வந்து அமரவிருந்த கட்டடத்தை இரவும் பகலும் காவல் காத்துத் தடுத்தனர். அவர்களைப் பிற்போக்காளர் என்று கூறும் உரிமை, வேலை போகுமோ என்ற அச்சத்தை அறியாதவர்க்கு இல்லை.

தலைமுறை வரலாற்றை விரிப்பின் பெருகும். குழல்களால் ஆனது முதல் தலைமுறை. 1947இல் கண்டறியப்பட்ட டிரான்சிஸ்டரால் ஆனது இரண்டாவது. பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் பதிக்கும் வழி 1958இலும் அதற்கடுத்த ஆண்டிலும் காணப்பட, மூன்றாவது பிறந்தது. 1971இல் இன்டெல் நிறுவனம் 2,300 டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கி முழுச் செயலியையே விரல் நுனியில் வைத்தது. அதனின்று வளர்ந்தது நான்காவது. பிள்ளை தந்தையினும் சிறுத்தும் தந்தையினும் வலுத்தும் வந்த விந்தைக் குடும்பம் இது. இந்நான்கு தலைமுறைகளும் நம்மைப் போன்ற எழுத்தரிடமிருந்து எடுத்துக்கொண்டவை கூட்டலும் படியெடுத்தலும் நினைவில் வைத்தலுமே. ஆராய்ந்து முடிவு கூறும் வேலை மேசையின் இந்தப் பக்கத்திலேயே இருந்தது.

ஐந்தாம் தலைமுறை என்று பெயர் சூட்டி, அம்முடிவு கூறும் வேலையையும் பொறிக்குக் கற்பிக்க முயன்றது ஜப்பான். 1982இல் அரசின் பொருளுதவியுடன் பத்தாண்டுத் திட்டமாக அது தொடங்கிற்று. அறிஞர்தம் அறிவை எல்லாம் விதிகளாக எழுதிப் பொறிக்குள் இட்டால், பொறி தருக்க முறையில் முடிவு கூறும் என்று எண்ணினர். உலகமே வியந்தும் அஞ்சியும் நோக்கிய அத்திட்டம், 1990களின் தொடக்கத்தில், கருதிய பயன் கைகூடாமலே ஓய்ந்தது.

ஏன் கைகூடவில்லை என்பதை மத்திய அரசு எழுத்தர் எவரும் எளிதில் உணர்வர். நம் மேசையில் முடிவு காண வழிகள் இரண்டு. ஒன்று விதிநூல். சென்னையிலிருந்து வெளிவரும் 'சுவாமி' விதித் தொகுப்புகள் இல்லாத மத்திய அரசு அலுவலகம் இந்நாட்டில் அரிது; இந்தி பேசுவோரும் வங்கம் பேசுவோரும் 'சுவாமி என்ன சொல்கிறார்?' என்று கேட்கும்போது நமக்குச் சற்றே பெருமிதம் உண்டாவதும் உண்மை. ஆனால் எவ்வளவு தடித்த நூலாயினும், நாளை காலையில் வரும் மனுவுக்கு அதில் விதி இராது. அப்போது நாடுவது இரண்டாம் வழி: பழைய கோப்பு. இதைப் போன்றதொரு வழக்கில் முன்னிருந்தோர் என்ன செய்தனர் என்று தேடி, அதனை ஒட்டி எழுதுவோம். ஜப்பானியர் முதல் வழியில் சென்று நின்றனர். இன்று செயற்கை நுண்ணறிவு என்று வழங்குவது பெரும்பாலும் இரண்டாம் வழியில் வந்தது. 1956இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் அறிஞர் சிலர் கூடி அத்துறையைத் தொடங்கிய காலத்திலிருந்தே இவ்விரு வழியினரும் இருந்தனர். இரண்டாம் வழியினர் நெடுங்காலம் ஏளனத்துக்கு ஆளாயினர். 2012க்குப் பின் காற்று அவர்கள் பக்கம் திரும்பிற்று. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபோது, மனிதகுலம் எழுதியவற்றுள் ஒரு பெரும் பகுதியைப் பழைய கோப்பாகப் படித்து, அதனை ஒட்டி எழுதவல்ல பொறி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. இத்துறையின் மூத்தவர்களுள் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டனுக்கு 2024இல் இயற்பியல் நோபல் பரிசும் வந்தது.

இனி மாணவியின் வினாவுக்கு வருவோம். பொறி பாகுபாடு பாராட்டாது என்று அவள் கூறியதில் உண்மை உண்டு. கோடையில் ஊருக்குச் செல்ல இரயிலில் இடம் பிடிப்பது நம் தந்தையர் காலத்தில் ஒரு தவமாக இருந்தது. வண்டிக்கு ஒரு பேரேடு. பேரேட்டுக்கு ஓர் எழுத்தர். இடம் உண்டா என்பது அவர் வாய்ச்சொல். 1980களின் நடுவில் புதுதில்லியில் தொடங்கிய கணிப்பொறி முன்பதிவு நகர் நகராகப் பரவியபின், மொழி தெரியாத ஊரில் வரிசையில் நின்ற நம்மவருக்கும் அவ்வூராருக்கும் ஒரே திரை ஒரே விடையைத் தந்தது. இதனை மறந்துவிட்டு மனிதத் தீர்ப்பின் மாண்பைப் பாடுவது நன்றி மறத்தலாகும்.

ஆனால் இரண்டாம் வழியில் வந்த பொறியின் இயல்பு வேறு. பழைய கோப்பில் சாய்வு இருந்தால் புதிய முடிவிலும் அச்சாய்வு இருக்கும். சாய்வினை மனிதரே உள்ளே வைப்பதும் உண்டு. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்றோருள் யார் ஏமாற்றக்கூடும் என்று மதிப்பிட வரித்துறை ஒரு பொறிமுறையைப் பயன்படுத்தியது. அயல்நாட்டுக் குடியுரிமை உடையவரை அது கூடுதல் ஐயத்துடன் நோக்கியது. படிவத்தில் ஒரு கையொப்பம் விடுபட்டமைக்காகவும் முழுத் தொகையைத் திருப்பிக் கட்டுமாறு கேட்கப்பட்ட குடும்பங்கள் உண்டு. பல்லாயிரம் பெற்றோர் கடனில் வீழ்ந்தனர். 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது. பிழைப்புக்காக வேற்றூர் சென்று வாழும் நம் போன்றோர் இருமுறை படிக்க வேண்டிய செய்தி இது.

பிரிட்டனில் நிகழ்ந்தது இதனினும் கொடிது; அங்கே நுண்ணறிவு என்று எதுவும் இல்லை, வெறும் கணக்குப் பொறியே இருந்தது. அஞ்சலகங்களில் 1999 முதல் நிறுவப்பட்ட ஹொரைசன் என்னும் கணினி முறை, இல்லாத பணக்குறைவை இருப்பதாகக் காட்டியது. சிற்றூர் அஞ்சலகங்களை நடத்தியோர், தாம் எடுக்காத பணத்தைத் தம் சேமிப்பிலிருந்து கட்டினர். வீட்டை விற்றுக் கட்டினர். 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். கணிப்பொறி சரியாகவே இயங்கியது என முதலில் கொள்வது அந்நாட்டு நீதிமன்றங்களின் வழக்கமாக இருந்தது. 2019இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அம்முறையின் பிழைகளை வெளிப்படுத்தியது. 2024இல் தனிச் சட்டமே இயற்றி அத்தீர்ப்புகளைத் துடைத்தனர். இவ்வளவு காலமும் சாளரத்தின் இந்தப் பக்கத்தில் அமர்ந்து 'கணக்கு இப்படித்தான் காட்டுகிறது' என்று கூறிக்கொண்டிருந்தோர் கொடியவர்கள் அல்லர், நம்மைப் போன்றவர்களே.

நம்மைப் போன்றவர்கள் என்று ஏன் கூறுகிறோம்? அன்று கூட்டத்தில் நாம் வாளா இருந்ததன் காரணம் இதுவே.

2019ஆம் ஆண்டு. அப்போது நாம் இருந்த அலுவலகத்தின் பெயர் ஈண்டு வேண்டா. அங்கிருந்து ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர் காலமானார். அவர்தம் துணைவியார் குடும்ப ஓய்வூதியம் கோரி வந்தார். அவ்வம்மையாரை நாம் நெடுங்காலமாக அறிவோம். சங்கத்துப் பொங்கல் விழாவில் வாயிலில் கோலமிடுபவர் அவரே. இடர் பெயரில் வந்தது. கணவர் தம் பணிக்காலத்தில் எழுதிக்கொடுத்த தாளில் துணைவியின் பெயர் தலைப்பெழுத்துடன் இருந்தது. ஆதார் அட்டையில் தலைப்பெழுத்து விரிந்து, கணவர் பெயர் பின்னால் போய் நின்றது. வங்கிக் கணக்கில் 'அம்மாள்' சேர்ந்துவிட்டது. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு கட்டங்களைக் காட்டும் படிவங்களின் முன் தமிழர் படும் பாட்டை இம்மலரைப் படிப்போருக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்று பெயர்களும் ஒருவரே என்று பொறி ஏற்கவில்லை. திரையில் ஒரு சிவப்பு வரி தோன்றும், அவ்வளவே.

"கம்ப்யூட்டர் ஏற்கலையே அம்மா" என்றோம். "அப்படியா தம்பி, நான் அடுத்த மாசம் வரேன்" என்று அவர் சென்றார். அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். ஏழு மாதங்கள் அதே வாக்கியத்தைக் கூறினோம். மூன்றாம் மாதத்துக்குப் பின் திரையைத் திறந்து பார்த்ததும் இல்லை.

அவர் யாரென்று நமக்குத் தெரியும். பெயர் வேறுபாட்டை நேரில் விசாரித்து, இருவரும் ஒருவரே எனக் குறிப்பெழுதி, அலுவலகத் தலைவரின் ஒப்புதல் பெற்றுத் திருத்த ஆணை பிறப்பிக்க வழி இருந்தது என்பதும் தெரியும். ஆனால் குறிப்பெழுதினால் அதன்கீழ் நம் சுருக்கொப்பம் இருக்கும். தணிக்கை வந்தால் அவ்வொப்பத்தைச் சுட்டி வினவுவர். சிவப்பு வரியின் கீழ் யார் ஒப்பமும் இல்லை. அதனைக் காட்டிவிட்டால் வினவுவார் யாரும் இல்லை. அந்நிழல் மிகவும் குளிர்ச்சியாக இருந்தது.

எட்டாம் மாதம், ஓய்வுக்குச் சில வாரங்களே இருந்த பிரிவு அலுவலர், வங்காளி, அவ்வம்மையார் மாடிப்படியில் அமர்ந்து மூச்சு வாங்குவதைக் கண்டு நம்மை அழைத்தார். "இவரைத் தெரியுமா?" "தெரியும், ஐயா." "தாளில் உள்ளவர் இவர்தாமா?" "இவரேதான்." "அதை எழுதினாயா?" நாம் பேசவில்லை. அவரே நான்கு வரிகள் எழுதினார். கீழே ஒப்பமிட்டார். அலுவலகத் தலைவர் மறுநாள் ஒப்புதல் தந்தார். அம்மாதமே திருத்த ஆணை போயிற்று. நிலுவையும் வந்தது.

இதைக் கேட்டால் அம்மாணவி என்ன கூறுவாள் என்பதையும் எண்ணிப் பார்த்தோம். 'நீங்கள் அவருக்காக வருந்துவது அவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்பதால்தானே? தெரியாதவராக இருந்தால்?' என்பாள். அது நியாயமே. அவ்வேழு மாதங்களில் அதே வாக்கியத்தைக் கேட்டுத் திரும்பிச் சென்ற பிறர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறோம். ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை. மனிதர் மேலான தீர்ப்புக் கூறுவர் என்று நாம் வாதிட இயலாது. நம் கையே அதற்கு எதிர்ச்சான்று.

ஆயினும் ஒன்று உண்டு. நான்கு வரியின் கீழ் ஒப்பமிட்டவரை வினவலாம். அவர் பிழைத்திருந்தால் தண்டிக்கலாம், ஓய்வூதியத்தில் பிடிக்கலாம். அத்தனையும் அறிந்தே அவர் பேனாவைத் திறந்தார். நாம் ஒப்பமிடாது இருந்ததற்கும் நம்மை வினவலாம். யாரும் வினவாதபோதும் உள்ளே ஒன்று வினவுகிறது. நாணம் என்று அதற்குப் பெயர். திருக்குறளின் 102ஆம் அதிகாரம் நாணுடைமை; அது மரப்பாவையின் உவமையோடு முடிவதை நினைவுள்ளோர் நினைந்துகொள்க. பொறிக்கு நாணம் கற்பிக்க இதுவரை எத்தலைமுறையும் முயன்றதாகத் தெரியவில்லை. நாணியதுபோல் எழுதக் கற்றிருக்கிறது.

1983ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று சோவியத் ஒன்றியத்தில் ஏவுகணை எச்சரிக்கை நிலையம் ஒன்றில் இரவுப் பணியில் இருந்தார் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் என்னும் லெப்டினன்ட் கர்னல். அமெரிக்காவிலிருந்து ஏவுகணை ஒன்று புறப்பட்டதாகக் கணிப்பொறி கூறியது. பின்னர் மேலும் நான்கு. போர் தொடுப்பவர் ஐந்தோடு தொடங்குவாரா என்று அவர் எண்ணினார். தரையிலுள்ள ராடார்களும் எதையும் காட்டவில்லை. பொய்யெச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேகங்களின் உச்சியில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணையாகக் கொண்டது பின்னர்ப் புலனாயிற்று. தாம் அப்போது உறுதியாக இல்லை என்றே பெட்ரோவ் பின்னாளில் கூறினார். உறுதியில்லாத ஒன்றைத் தம் பெயரில் கூறத் துணிந்தார். அவ்விரவின் நிகழ்ச்சிகளைப் பதிவேட்டில் முறையாக எழுதவில்லை என்று அவரைக் கடிந்துகொண்டனராம். எந்நாட்டிலும் அலுவலகம் அலுவலகமே.

இப்போதைய பொறியின் இடர் வேறோர் இடத்தில் இருக்கிறது. பழைய பொறி சிவப்பு வரியோடு நின்றது; காரணம் கேட்டால் அதனிடம் இல்லை. நம் சோம்பலும் அச்சமும் அதன் பின்னே ஒளிந்திருப்பது கூர்ந்து பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். புதிய பொறியோ காரணமும் எழுதுகிறது. சென்ற ஆண்டு, அவ்வம்மையாரின் வழக்கைப் பெயரும் ஊரும் நீக்கி அதனிடம் கூறி, கோரிக்கையை ஏற்கலாம் என்று ஒரு குறிப்பு எழுதப் பணித்தோம். விதிகளைத் தழுவி, கனிவும் கண்ணியமும் குறையாமல் எழுதித் தந்தது; நம் அலுவலகத்தில் அவ்வளவு நன்றாக எழுதுவோர் இல்லை. பின்னர், கோரிக்கையை மறுத்து எழுதுக என்றோம். அதே கனிவோடும் அதே கண்ணியத்தோடும் அதனையும் எழுதித் தந்தது. இரண்டின் அடியிலும் கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தது.

அடுத்த திங்கள் கூட்டத்தில் அம்மாணவியைக் கண்டால், இவ்விரு தாள்களையும் அவளிடம் தரலாம் என்றிருக்கிறோம். அவள் பயில்வது அப்பொறிகளை ஆக்கும் கல்வி. நாம் பயின்றது பி.ஏ. நம்மினும் நல்ல விடை அவளிடம் இருக்கக்கூடும்.

நிலுவைத் தொகை வந்த மறுவாரம் அவ்வம்மையார் ஒரு டப்பா முறுக்குடன் அலுவலகத்துக்கு வந்தார். "கம்ப்யூட்டரைச் சரி பண்ணிட்டீங்களாமே தம்பி, நல்லா இருக்கணும்" என்றார். நாம் மறுத்து ஒன்றும் கூறவில்லை. முறுக்கை வாங்கிக்கொண்டோம். அவர் இன்றும் நம் சங்கத்துக்கு வருகிறார். இம்மலரின் படி ஒன்று அவர் இல்லத்துக்கும் செல்லும்.